சந்தைக்குச் சாதி தெரியாதா?

சென்ற மே மாதம் தேர்வு முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். கோபி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எங்கள் இடம் அது. தேங்காய் பன்னும் டீயுமாக மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மற்ற இருவர் கைபேசியிலும் ஒரே படம்: பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் நிஃப்டி. ஒருவன் எங்கள் வளவுக்காரன், நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். இன்னொருவன் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நிலம் இருக்கும் கவுண்டர் வீட்டுப் பையன், எங்களோடு பன்னிரண்டாவது வரை படித்தவன்.

"நீ இதைத்தான படிக்கற, எதுல போடலாம்னு சொல்றா" என்றான் மில் நண்பன்.

நான் படிப்பது மும்பையில் நிதித்துறை முதுகலை. அதில் என் விருப்பப் பாடம் தரவு சார்ந்த முதலீடு. நாளைக்கு எந்த ஆப்ஷன் ஏறும் என்று சொல்கிற ஜோசியம் அதில் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "இதுல ஒண்ணுதான்டா நல்லது. எவனும் நீ என்ன ஆளுன்னு கேக்கறதில்ல. பணம் இருந்தா வாங்கலாம், இல்லீன்னா போலாம்."

எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டால், கூலிக்குப் போனால், சில ஊர்களில் இன்றைக்கும் முடிவெட்டப் போனால், முதலில் வருகிற கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். அந்தக் கேள்வி வராத ஓர் இடம் கைபேசிக்குள் கிடைத்திருக்கிறது என்று ஓர் அருந்ததியர் பையன் சொல்லும்போது அதிலிருக்கும் ஆசுவாசம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த ஆசுவாசத்தை நம்பித்தான் இந்தப் படிப்புக்குப் போனேன். முதல் வாரத்திலேயே ஒரு பேராசிரியர் வகுப்பில் ஆங்கிலத்தில் இதையே சொன்னார்: எண்களுக்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது. நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். இரண்டு வருடம் படித்த பிறகு அந்த வரியை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேக்கரிக் கணக்கு. மில் நண்பன் பதினோரு மாதத்தில் இழந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதில் பெரும்பகுதி அவன் அம்மா மகளிர் குழுவில் வாங்கிக் கொடுத்த கடன். கவுண்டர் வீட்டு நண்பன் இழந்தது அதைவிட அதிகம், மூன்று லட்சத்துக்கு மேல். அவன் அப்பா திட்டிக்கொண்டே ஒரு வருட மஞ்சளை விற்று அடைத்துவிட்டார். இவன் அம்மா இன்னும் வாரத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். இருவர் கைபேசியிலும் ஒரே விலை, ஒரே ஆப், ஒரே முட்டாள்தனம். விழுந்தபோது தரை எங்கே இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

அவர்கள் இருவர் மட்டுமல்ல. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்குச்சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடைசி ஆண்டில் இப்படி இறங்கியவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்று அறிவித்தவர்கள். முதல் முப்பது நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள் எழுபது சதவீதத்துக்கும் மேல். அதாவது கோபி, சத்தி, அந்தியூர், பவானி. அதே ஆண்டில் லாபம் பார்த்தவர்கள் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்கிற தரகு நிறுவனங்களும். அந்த லாபத்தில் ஏறத்தாழ முழுவதும் (முன்னவர்களுக்கு 97 சதவீதம், பின்னவர்களுக்கு 96) கணினி நிரல்கள் ஈட்டியது.

அந்த நிரல்களை எழுதத்தான் எங்களுக்குப் பயிற்சி. சிலருடைய சர்வர்கள் பங்குச்சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு இருக்கின்றன. விலை மாறுகிற செய்தி அவர்களுக்கு முதலில் போய்ச் சேரும். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது கொடிவேரியிலிருந்து வருகிற வாய்க்கால்தான். தலைமடைக்காரர் பாய்ச்சி முடித்து மிச்சம் இருந்தால் கடைமடைக்கு. எங்கள் வளவுக்கு மடையே கிடையாது, வாய்க்காலைத் தூர்வாரும் வேலை மட்டும் உண்டு. பேக்கரி நண்பன் தான் சந்தைக்குள் இருப்பதாக நினைக்கிறான். அவன் நிற்பது கடைமடையில்.

இதெல்லாம் வர்க்கப் பிரச்சினைதானே, சாதி எங்கே வந்தது என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, நாங்கள் என்ன படிக்கிறோம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

தரவு சார்ந்த முதலீடு என்றால், ஒரு நிறுவனத்தின் முதலாளியைப் பார்த்து, ஆலையைப் பார்த்து, "நல்ல மனுசன், நல்ல தொழில்" என்று பணம் போடுவதற்கு எதிரான முறை. ஆயிரம் நிறுவனங்களின் இருபது வருட விலை, லாபம், கடன் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, எந்தக் குணம் உள்ள பங்குகள் சராசரியாக அதிகம் ஈட்டின என்று தேடுகிறோம். அந்தக் குணங்களுக்கு ஃபேக்டர் என்று பெயர். சிறிய நிறுவனமா, சொத்து மதிப்போடு ஒப்பிட்டால் விலை மலிவா என்பதை 1990களின் தொடக்கத்தில் ஃபாமாவும் ஃபிரெஞ்சும் முன்வைத்தார்கள். கடந்த சில மாதங்களில் ஏறிய பங்கு தொடர்ந்து ஏறுகிறதா என்பதை 1993இல் நரசிம்மன் ஜெகதீஷும் டிட்மனும் காட்டினார்கள். இந்தியாவுக்கான இதே கணக்குகளை அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் உருவாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் முதல் வீட்டுப்பாடமே அதை எடுத்துப் பைத்தானில் ஓட்டிப் பார்ப்பதுதான். நன்றாகவே இருந்தது. மனித முகத்தைப் பார்க்காமல் எடுக்கிற முடிவு என்பதில் எனக்கு ஒரு கவர்ச்சி உண்டு. என் முகத்தைப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவுகள் அப்படி.

முதல் பருவத்தில் பாதிநாள் பாடம், இந்த முறையில் நேரும் பிழைகளைப் பற்றியது. அதில் இரண்டு எனக்கு மறக்காது.

ஒன்று, பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிற பிழை. இன்றைக்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால், எல்லாமே வெற்றிக் கதையாகத் தெரியும். இடையில் மூடிப்போனவை பட்டியலிலேயே இருக்காது. இதைப் படித்த அன்று எனக்குத் திருப்பூர்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை: வெறுங்கையோடு போனார், கைமடிச்சார், கட்டிங் மாஸ்டர் ஆனார், இன்றைக்கு ஐந்நூறு பேருக்குச் சம்பளம் போடுகிறார். எல்லாம் உழைப்பு. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில் இதே "உழைப்பு"க் கதையைத்தான் ஆராய்ந்தார். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனி முதலாளிகளான கவுண்டர்கள் தங்கள் ஏற்றத்தை எப்படி உழைப்பின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள் என்று காட்டினார். அவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதே தறியில், அதே கட்டிங் மேசையில், அதே நேரம் உழைத்த மாதாரிகள் ஏன் கம்பெனி வைக்கவில்லை என்ற கேள்விக்கு உழைப்பு விடையாகாது, அவ்வளவுதான்.

இரண்டு, விடுபட்ட மாறி. உண்மையான காரணம் உங்கள் அட்டவணையில் இல்லையென்றால், அதன் பலன் வேறு ஏதோ ஒன்றின் பேரில் ஏறிக்கொள்ளும். "அனுபவம்", "திறமை", "நம்பகத்தன்மை" என்று கணினி அழகான பெயர்களைக் காட்டும். பின்னால் நிற்பது வேறொன்று.

திருப்பூரின் அட்டவணையில் அந்த விடுபட்ட மாறியைச் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு அது. (பானர்ஜி 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர்.) 1990களின் முற்பகுதியில் இருந்த பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களை இரண்டாகப் பிரித்தார்கள்: கவுண்டர்கள் நடத்துபவை, வெளியிலிருந்து வந்த பிற சமூகத்தார் நடத்துபவை. கவுண்டர் நிறுவனங்களிடம் இயந்திரமும் கட்டடமுமாக இருந்த மூலதனம் கணிசமாக அதிகம். தொழிலில் எத்தனை வருட அனுபவம் உள்ளவர்களை ஒப்பிட்டாலும் அந்த இடைவெளி இருந்தது. ஆனால் உற்பத்தியும் ஏற்றுமதியும் வேகமாக வளர்ந்தது வெளியாட்களிடம். பின்னால் தொடங்கி, குறைந்த மூலதனத்தோடு, சில ஆண்டுகளில் அவர்கள் முந்திப் போனார்கள்.

இதன் பொருளை நிதித்துறையின் மொழியிலேயே சொல்கிறேன். பணம் அதிக வருமானம் தருகிற இடத்துக்குப் போகும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம். கொங்கு நாட்டில் பணம் அப்படிப் போகவில்லை. நிலத்தில் சேர்ந்த பணம் பங்காளிக்கும் மாமன் மச்சானுக்கும் போனது. அங்கே அது மலிவாகக் கிடைத்தது. அதைவிட நன்றாக அதைப் பயன்படுத்தியிருக்கக்கூடியவன் அடுத்த தெருவில் பணமில்லாமல் நின்றான். சாதி அறமற்றது என்று நாம் நூறு வருடமாகச் சொல்கிறோம். அது நட்டக் கணக்கும்கூட என்று இந்த எண்கள் சொல்கின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இருப்பவை இரண்டே வகை. இரண்டுமே முதலாளிகள். அருந்ததியர் என்றொரு வரிசை அதில் இல்லை. ஆய்வாளர்கள் மேல் குற்றமில்லை, ஒப்பிடத்தான் எங்களிடம் கம்பெனி இருக்க வேண்டுமே.

இந்த ஆய்வைப் படித்த வேகத்தில்தான் என் ஆய்வுத் திட்டத்தை எழுதினேன். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் சாதி எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை ஓர் எண்ணாக மாற்றி, அது பங்கின் வருமானத்தை விளக்குகிறதா என்று பார்ப்பது. நெறியாளர் இரண்டு நிமிடம் படித்தார். "இது சோஷியாலஜி. ஃபைனான்ஸ் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அனுதாபமாகத்தான் சொன்னார், எனக்கு அதுதான் எரிச்சல்.

நிதித்துறையின் முன்னணி ஆய்விதழ்களில் எதெல்லாம் மாறியாக வந்திருக்கிறது தெரியுமா? பங்குச்சந்தை இருக்கும் நகரத்தில் அன்றைக்கு வெயிலா மேகமூட்டமா என்பது 2003இல் ஒரு கட்டுரை. உலகக்கோப்பைக் கால்பந்தில் தோற்ற நாட்டின் சந்தை மறுநாள் விழுகிறது என்பது 2007இல் இன்னொன்று. நிறுவனத் தலைவரின் முக அகலத்துக்கும் நிறுவனத்தின் லாபத்துக்கும் உள்ள தொடர்பை உளவியலாளர்கள் 2011இல் எழுதினார்கள், அதையும் வகுப்பில் சிரித்தபடி விவாதித்தோம். வெயில் ஃபைனான்ஸ், கால்பந்து ஃபைனான்ஸ், தாடை அகலம் ஃபைனான்ஸ். இந்த நாட்டில் யார் யாருக்குப் பணம் தருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிற சாதி மட்டும் சோஷியாலஜி.

"இந்தியாவில் இதற்குத் தரவு எங்கே?" என்று அவர் அடுத்து கேட்டதற்கு என்னிடம் பாதி பதில் இருந்தது. 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் அஜித், டாங்கர், சக்சேனா மூவரும் எழுதிய கட்டுரை, நாட்டின் ஆயிரம் முன்னணி நிறுவனங்களின் இயக்குநர்களை எண்ணியது. ஏறத்தாழ 93 சதவீதம் பேர் முற்பட்ட சாதியினர், அதிலும் பார்ப்பனரும் வைசியரும்தான் கிட்டத்தட்ட எல்லாம். பிற்படுத்தப்பட்டோர் 3.8 சதவீதம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5. (அந்த 93க்கும் ஆப்ஷனில் தோற்ற 93க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்துச் சம்பந்தம் கண்டுபிடிப்பதும் வகுப்பில் எச்சரிக்கப்பட்ட பிழைதான்.)

அந்த ஆய்வுகள் சாதியை அறிகிற வழி குடும்பப் பெயர். சர்மா, அகர்வால், ஐயர் என்று பெயரின் வாலைப் பார்த்து கணினி வகைப்படுத்திவிடும். தமிழ்நாட்டுக்கு வந்ததும் அது திணறிப்போகிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அடுத்த இரண்டு தலைமுறையில் அது பெரும்பாலும் நடந்தே விட்டது. கே. பழனிசாமி என்று இருந்தால் அவர் யார் என்று எந்த நிரலுக்கும் தெரியாது. ஈரோட்டுக்காரனாக எனக்கு இதில் பெருமைதான். மும்பையில் வகுப்புத் தோழர்கள் என் பெயரைக் கேட்டுவிட்டு, "இதற்கப்புறம்?" என்று காத்திருப்பார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை என்பேன்.

ஆனால் அதே வெற்றிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. பெயரிலிருந்து சாதி போனது. பங்குப் பத்திரத்திலிருந்து போகவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல்லில் மில்லும் கோழிப்பண்ணையும் லாரியும் தனியார் கல்லூரியும் யார் கையில் என்று தெருவில் போகிற எவரும் சொல்லிவிடுவார். தரவு மட்டும் சொல்லாது. இதை நெறியாளரிடம் ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது: நம் இயக்கத்தின் சாதனையே நம் எதிரிக்கு மறைப்பாகவும் ஆகியிருக்கிறது.

வழி ஒன்று பிறகு தோன்றியது. அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். அகமணம் என்றால் உறவுமுறை. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உரிமையாளர் குழுவில் யார் யாரிடம் எவ்வளவு பங்கு என்று பெயரோடு வெளியிட வேண்டும். மனைவி, மகன், சகோதரர் என்று உறவினர்களும் அதில் வருவார்கள். ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பம் இன்னொரு நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்தோடு எத்தனை நூலால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் பட்டியல்களைக் கோத்து வரையலாம். பெயரின் வால் தேவையில்லை. யாருடைய சாதியையும் ஊகிக்கக்கூடத் தேவையில்லை. பணம் எந்த வட்டத்துக்குள் சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும். இப்போது என் ஆய்வு இந்த வடிவத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. தலைப்பில் சாதி என்ற சொல் இல்லை, "குடும்ப வலைப்பின்னல்" என்று இருக்கிறது. அந்தச் சமரசம் எனக்கு உறுத்துகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இனி எனக்கே சங்கடமான பகுதிக்கு வருகிறேன். தரவைச் சேர்த்துவிட்டால் அது நம் பக்கம் பேசும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2017இல் வெளிவந்த ஃபிஸ்மன், பாரவிசினி, விக் ஆகியோரின் ஆய்வு அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது. ஓர் இந்திய வங்கியின் கடன் கணக்குகளை எடுத்து, கடன் கொடுக்கும் அதிகாரியும் வாங்குபவரும் ஒரே சாதி அல்லது ஒரே மதமாக இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். கடன் அதிகம் கிடைக்கிறது, கேட்கிற அடமானம் குறைகிறது. இது எதிர்பார்த்ததுதான். அதோடு நிற்கவில்லை: அந்தக் கடன்கள் நன்றாகத் திரும்பியும் வந்தன. தன் ஆளைப் பற்றித் தனக்கு நன்றாகத் தெரியும் என்பது காரணம்.

இதை ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன செய்யும்? சொந்தச் சாதிக்காரனுக்குக் கொடு, வசூலாகும் என்று கற்றுக்கொள்ளும். கடன் கொடுக்கிற ஆப்கள் இப்போது கைபேசிப் பழக்கம், முகவரி, பின்கோடு என்று எதையெல்லாமோ வைத்து மதிப்பெண் போடும் காலம். எங்கள் முகவரியில் பெயர் தேவையில்லை, தெருவே காட்டிக்கொடுத்துவிடும். "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் பல வருடமாகச் சேர்ந்த பழைய தரவில் அந்தச் சொல் அப்படியே கிடக்கும், நிரல் அதிலிருந்துதான் படிக்கும். கடந்த காலத்தில் எங்களுக்குக் கடன் கிடைக்கவில்லை, ஆகவே எங்களிடம் திருப்பிச் செலுத்திய வரலாறு இல்லை, ஆகவே மதிப்பெண் குறைவு, ஆகவே கடன் கிடையாது. எந்த மனிதனும் எங்களை வெறுக்காமலேயே இது ஓடும். பண்ணாடியிடம் சண்டை போடலாம். நிரலிடம் என்ன செய்வது?

அந்த ஆய்வை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை வேறொன்று தெரிந்தது. சாதி நெருக்கத்தால் நன்மை வருவது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் ஆள் யார் என்று தெரிவதால். அப்படியானால் எங்களைத் தெரிந்த ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே நன்மை வர வேண்டும். வங்கி மேலாளர் பதவியில் இடஒதுக்கீடு தகுதியைக் குறைக்கிறது என்று பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் நம் மேடைகளில் நான் கேட்டதில்லை. பொதுத்துறை வங்கியில் அந்த நாற்காலிக்கு இடஒதுக்கீடு உண்டு. கடன் ஆப் கம்பெனியில் நிரல் எழுதுகிற நாற்காலிக்கு இல்லை.

அம்பேத்கர் உட்கார்ந்த நாற்காலி ஒன்றைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. 1917இல் லண்டனிலிருந்து திரும்பி, பரோடாவில் தங்க இடம்கூடக் கிடைக்காமல் அவமானப்பட்டு வெளியேறிய பிறகு, பம்பாயில் அவர் பிழைப்புக்குப் பல வேலைகள் பார்த்தார். அதில் ஒன்று பங்கு முதலீட்டு ஆலோசனை நிறுவனம். தொடக்கத்தில் ஆள்கள் வந்தார்கள், ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1923இல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றிப் புத்தகம் எழுதப்போகிற மனிதர் சொன்ன ஆலோசனை அது. அதைக் கேட்காமல் போனவர்களுக்குப் பண நட்டமே வந்திருக்கலாம். நான் வேலை நேர்காணலுக்குப் போகும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்வேன். வீரத்துக்காக இல்லை, கொஞ்சம் சிரிப்பு வருவதற்காக.

இயக்கத் தோழர்கள் சிலர் என் படிப்பைக் கேலி செய்வதுண்டு. "ஷேர் மார்க்கெட் சூதாட்டம், நமக்கெதுக்கு?" ஆப்ஷன் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி, செபி கணக்கே சாட்சி. 2012இல் பெருந்துறையில் ஈமுக்கோழிக் கம்பெனிகள் கவிழ்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஏமாறுவதற்கு எங்கள் மாவட்டத்துக்குக் கணினி தேவைப்பட்டதில்லை. ஆனால் ஒதுங்கி நிற்பது என்ற தேர்வு இப்போது நம் கையில் இல்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 2015 ஆகஸ்டிலிருந்து பங்குச்சந்தை ஈடிஎஃப்களில் பணம் போடுகிறது. அந்த மில் நண்பன் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப்.பில் ஒரு பங்கு ஏற்கெனவே நிஃப்டியில் இருக்கிறது, அவன் பேக்கரியில் உட்காருவதற்கு முன்பிருந்தே. வெளுத்துக்கட்டிய ஒப்பந்தக்காரர் பி.எஃப். கட்டியிருந்தால், தூய்மைப் பணியாளர்களின் பணமும் அங்கேதான். நம் ஆள்களின் பணம் 93 சதவீதம் முற்பட்ட சாதி இயக்குநர்கள் நடத்துகிற நிறுவனங்களில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்த நிறுவனங்களிடம் கேள்வி கேட்கிற உரிமை பங்குதாரர் என்ற முறையிலேயே நமக்கு உண்டு.

என்ன கேட்பது? என் பார்வையில் முதல் கேள்வி மிகச் சின்னது. முன்னணி ஆயிரம் நிறுவனங்களும் ஆண்டுதோறும் சமூகப் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி பற்றிய ஓர் அறிக்கை தர வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஊழியர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மாற்றுத்திறனாளி எத்தனை என்று அதில் அட்டவணை உண்டு. எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு கரிப்புகை விட்டார்கள் என்பதும் உண்டு. ஊழியர் அட்டவணையில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லை. ஒரே ஒரு கட்டம். மொத்த எண்ணிக்கை மட்டும், யாருடைய பெயரும் வேண்டாம். அந்தக் கட்டம் வந்த மறுநாளே உலகம் முழுக்க இருக்கிற முதலீட்டு நிரல்கள் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். இடஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்று அவை விவாதம் பண்ணாது, எண்ணாக எடுத்துக்கொள்ளும். தனியார் துறை இடஒதுக்கீட்டுக்கான போராட்டத்துக்கு இது மாற்றில்லை, அந்தப் போராட்டத்துக்கு இன்றுவரை இல்லாத ஆதாரம்.

பேக்கரி நண்பன் போன வாரம் கூப்பிட்டான். ஆப்பை நீக்கிவிட்டானாம். நம்பவில்லை, ஆனாலும் சந்தோஷம். நான் அனுப்பிய செபி ஆய்வை வளவில் நான்கைந்து பேருக்கு அனுப்பியிருக்கிறான். "இங்கிலீஷ்ல இருக்குதுன்னு எவனும் தொறக்கல. நீ வந்து சொல்லு" என்றான். அடுத்த மாதம் போகிறேன். மாரியம்மன் கோயில் திட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், ஷிஃப்ட் முடிந்து இருபது பேராவது வருவார்கள் என்கிறான். அவன் அம்மாவின் குழுவும் வருகிறதாம், தவணைக் கணக்கில் வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். ப்ரொஜெக்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.